உட்கார்ந்து பார்க்கிற வேலை

ரத்தினசாமி அண்ணாச்சிக்கு வந்திருப்பது வாய்வு என்றுதான் வளவில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவர் மனைவி வீரலட்சுமி தினமும் பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். சுக்கு, ஓமம், பெருங்காயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதருக்கு முதுகில் வேறு என்ன வந்துவிடப் போகிறது?

அது 1957ஆம் வருஷம். சிவகாசியில் ஒரே வாசலுக்குள் ஐந்து வீடுகள் சேர்ந்த வளவில் குடியிருந்தோம். நடு முற்றத்தில் கிணறு. சித்திரை, வைகாசியில் விடிந்து ஒரு மணி நேரம்தான் தண்ணீர் இருக்கும். பிறகு வாளி தரையைத் தட்டும். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் மாணிக்கராஜ் எட்டு மைல் தள்ளியிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார். வளவில் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்.

அண்ணாச்சி ஒரு லித்தோ அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள் படங்களை அவர்தான் கல்லில் வரைவார். பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பிதழுக்காக அங்கே போனபோது அவர் வேலை செய்வதை ஒரு தடவை பார்த்தேன். தரையில் பாய், பாயில் சம்மணம் போட்டு அண்ணாச்சி. எதிரே தாழ்வான சாய்வு மேசை. மேசைமேல் வழவழப்பான சாம்பல் நிறக் கல், ஒரு பெரிய வேதப் புத்தகத்தின் கனத்துக்கு. கைபட்டால் கையிலுள்ள எண்ணெய் கல்லில் ஒட்டி அதுவும் அச்சில் விழுந்துவிடும். அதனால் கல்லுக்குக் குறுக்கே பாலம்போல ஒரு மரச்சட்டம். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளியில் குனிந்து, ஊசிமுனைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் புள்ளி நகரும் என்று மூச்சை அடக்கி அடக்கி விட்டார். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள்.

கல்லில் எல்லாமே இடவலமாக மாறியிருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பெண் இடது கையில் மத்தாப்புப் பிடித்திருந்தாள். எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் ஓடின. "தாளுல விழுகும்போது திரும்பிரும் டீச்சர்" என்று சொல்லி அச்சடித்த தாளைக் காட்டினார். மத்தாப்பு வலது கைக்கு வந்திருந்தது. இருபது வருஷமாக அப்படி வரைந்தவர் அவர். "நேரா வரையணும்னாத்தான் எனக்கு யோசனை வேணும்" என்று சிரித்தார்.

அந்த அச்சாபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் மூன்றே பேர்: முதலாளி, கணக்குப்பிள்ளை, அண்ணாச்சி. மற்றவர்கள் எல்லோரும் நிற்பவர்கள். இருக்கன்குடிப் பக்கத்தில் பருத்தி போட்டுக்கொண்டிருந்த வீரலட்சுமியின் அப்பா, மாப்பிள்ளைக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெண் கொடுத்தார் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

வைகாசியில் ஒரு நாள் காலை, தண்ணீர் இறைக்கும்போது கேட்டேன்.

"மதினி, அண்ணாச்சிக்கு வாய்வு எறங்குச்சா?"

"எங்க எறங்குச்சு டீச்சர்? முதுகுல இருந்து காலுக்குல்ல எறங்கிருக்கு. காலையில சொவத்தப் பிடிச்சு எந்திரிக்காக. தும்முனா அய்யோங்காக. ராத்திரி பூரா காலப் பிடிச்சு விட்டு என் கை ஓஞ்சுபோச்சு."

"ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. இவுக கூட்டிட்டுப் போவாக."

"சொல்லாமலா இருக்கேன்? பொதி தூக்குறவன் போறான் முதுகுவலின்னு, புள்ளி வைக்கிறவன் போனா சிரிக்க மாட்டானுகளாங்காக. சரி, சிரிக்கட்டும், போயிட்டு வாங்கன்னேன். சீசன் முடியட்டும்னுட்டாக."

தீபாவளிக்கு வெடி போக வேண்டுமென்றால் ஆடிக்குள் லேபிள் அடித்தாக வேண்டும். சீசன் என்றால் அதுதான்.

சிரிக்கிறவர்களில் முதல் ஆள் கண்ணுச்சாமி. அதே அச்சாபீஸில் கல் தேய்க்கிறவர். அச்சடித்து முடிந்த கல்லில் மணலும் தண்ணீரும் போட்டு, மேலே இன்னொரு கல்லை வைத்து மாவாட்டுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பழைய படத்தை அழிப்பார். நாள் முழுக்க நின்றுகொண்டேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு அண்ணாச்சியைப் பார்க்க வருவார்.

"நான் ஒரு நாளைக்கு இருவது கல்லு தூக்குறேன் அண்ணாச்சி. நீங்க தூக்குறது ஒரு பேனா. அதுக்கா இம்புட்டு நோக்காடு?"

"பேசாம இருலே. அந்தப் பேனாவத் தூக்கிப் பாத்தா உனக்குத் தெரியும்."

"குடுங்க, தூக்குறேன். கூலி மட்டும் உங்க கூலி."

அண்ணாச்சி சிரித்தார். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் சொன்னார். ஆளைக் கூட்டி வா என்றார்கள். வரமாட்டேன் என்கிறார் என்றதும், "சித்திரக்காரர்தானே? எங்கே வலிக்குது, எங்கே மரத்துப்போகுதுன்னு ஒரு தாளில் வரைஞ்சு கொடுக்கச் சொல்லு. அதை வைத்து ஏதாவது சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வேதக்கோயிலிலிருந்து திரும்பியபோது படம் தயாராக இருந்தது. லேபிள் தாளின் பின்புறத்தில், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதர். தோள்பட்டை எலும்பு, நடு முதுகின் பள்ளம், தொடை, கெண்டைக்கால், குதிகால். வலிக்கிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி, மரத்துப்போகிற இடமெல்லாம் நீலப் புள்ளி. இடுப்பிலிருந்து சிவப்பு நெருக்கமாகப் புறப்பட்டுத் தொடைக்குப் பின்னால் இறங்கி, முழங்காலுக்குக் கீழே நீலத்தோடு கலந்து, பெருவிரலில் வெறும் நீலமாக முடிந்தது. ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா அசந்துபோனார்களாம். முதுகெலும்பிலிருந்து வலது காலுக்குப் போகிற நரம்பு எங்கேயோ நசுங்குகிறது என்றார்கள். மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்கள். உட்காரும்போது வலது பக்கத்துக்கு அடியில் மடித்த துணி வைத்து, பாரத்தை இடது பக்கம் தள்ள வேண்டும். சத்து ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், நோவுள்ள வலது பக்கத்தைத் தொடாமல் இடது பக்கத்தில் போட வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும்.

மூன்றாவதை அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார். துணியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மட்டும்தான் என் கணவர் சொல்லியிருந்தார், காரணம் சொல்லவில்லை. என் கணவர் வேலை முடிந்து வந்ததும் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவார். யாரும் சொல்லாமலே அண்ணாச்சி இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். போட்டவருக்கு அது டாக்டர் சொன்ன பக்கம். போட்டுக்கொண்டவருக்கு அது வலிக்கிற பக்கம். மருந்து வலிக்கிற இடத்தில்தானே போக வேண்டும்? இருவருக்குமே சரியாகப் பட்டதால் இருவருமே வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. வலி கூடியது.

ஆடி முதல் வாரம். புழுதிக் காற்று வளவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவர் எங்கள் வாசல் தூணில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சாப்பாட்டுத் தூக்குடன் வேலைக்குக் கிளம்பி, முற்றத்தைத் தாண்டி, வெளிக்கதவு வரை போய்விட்டார்.

"ஏங்க, செருப்ப விட்டுட்டுப் போறீக!" என்று வீரலட்சுமி கத்தினாள்.

இடது கால் செருப்பு கிணற்றடியில் கிடந்தது. அண்ணாச்சி குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால், சரளைக்கல். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் கணவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவரிடம் போனார்.

"அண்ணாச்சி, இந்தத் தூணப் பிடிச்சுக்கங்க. குதிகாலை ஊணிக்கிட்டுப் பாதத்த மட்டும் மேல தூக்குங்க."

வலது பாதம் மேலே எழுந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. அண்ணாச்சியின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பாதம் அசையவில்லை.

"இடது காலா?" என்றார் என் கணவர். "உங்களுக்கு வலதுல்ல?"

"வலதா?" வீரலட்சுமி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மூணு மாசமா இந்தக் காலத்தான் பிடிச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். வலது காலுக்கு என்ன வந்துச்சு, அது கல்லு மாதிரி இருக்கு."

என் கணவர் உள்ளே ஓடி, ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் மடித்து வைத்திருந்த படத்தை எடுத்து வந்தார். வலது இடுப்பு, வலது தொடை, வலது பெருவிரல். அண்ணாச்சி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் வாசலுக்கு நொண்டி வந்து, தூணில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு எதிரே தாளைப் பிடித்தார். கண்ணாடிக்குள் படம் சரியாக இருந்தது.

"தாளுங்கிறத மறந்துட்டேன் தம்பி" என்றார். "கை அதுபாட்டுக்குக் கல்லுக்கு வரையிற மாதிரி வரைஞ்சிருச்சு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க மாத்தி வரைஞ்சீக. பதினஞ்சு ஊசி போட்டிருக்கேன், எந்தக் காலுன்னு நான் ஒரு வார்த்த கேக்கலியே."

"ரெண்டு பேரும் என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் வீரலட்சுமி. "எனக்குப் படம் வரையத் தெரியாது. கால் எதுன்னு தெரியும்."

ஒரு மாதமாக, துணியை மடித்து வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் நோவுள்ள பக்கத்தில் ஏற்றி உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீரலட்சுமிக்குத் துணையாக நானும் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பஸ்ஸில் இடமிருந்தும் அண்ணாச்சி உட்காரவில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு மைலும் நின்றே வந்தார்.

டாக்டரம்மா கெண்டைக்கால் இரண்டையும் நாடாவால் அளந்தார்கள். இடது கால் ஒன்றேகால் அங்குலம் சூம்பியிருந்தது. பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, கையை ஊன்றாமல் நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார்கள். அண்ணாச்சியால் நான்கு விரல் உயரம்கூடத் தூக்க முடியவில்லை. மல்லாந்து படுத்தால் தொடை கட்டிலில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காருவீங்க?"

"காலையில எட்டுக்கு உக்காந்தா ஒரு மணிக்குச் சாப்பாடு. அதுவும் அங்கனயேதான். பெறகு ஆறு மணி. சீசன்னா ஏழு, எட்டு ஆகும்."

"நடுவில் எழுந்திரிக்கவே மாட்டீங்களா?"

"எதுக்கும்மா எந்திரிக்கணும்? கல்லு, மை, தண்ணி எல்லாம் கைக்குக் கொண்டாந்து குடுத்திருவாக."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"அதுதான் வியாதி" என்றார்கள் டாக்டரம்மா.

"முதுகு ஒடிய வேலை பாக்குறவன்மா நான்."

"ஒடிஞ்சுதான் இருக்கு. ஆனால் முதுகு வேலை பார்க்கவில்லை. நீங்க குனிஞ்சே இருந்தீங்க, முதுகுத் தசை இருபது வருஷமா இழுபட்டுத் தொங்கிக்கிட்டே இருந்தது. பழைய மூட்டைக் கயிறு மாதிரி அதில் இப்போ முறுக்கு இல்லை. வயிற்றுத் தசையும் தளர்ந்துபோச்சு. மடக்கியே வைத்திருந்ததால் இடுப்புக்கு முன்னால் இருக்கிற தசை குட்டையாகிவிட்டது, அதனால்தான் காலை நீட்ட முடியவில்லை. தசை தாங்காத பாரத்தை எலும்பு தாங்கியிருக்கு."

மேசைமேல் இருந்த இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து, நடுவில் நனைத்த பஞ்சை வைத்து, முன்பக்கம் அழுத்திக் காட்டினார்கள். பஞ்சு பின்பக்கமாகப் பிதுங்கி வந்தது. "எலும்புக்கு நடுவில் இப்படி ஒரு மெத்தை இருக்கு. நாளெல்லாம் குனிஞ்சிருந்தால் இப்படித்தான் பிதுங்கும். பின்னால் கால் நரம்பு போகிறது. அதை நசுக்குது."

அண்ணாச்சி பஞ்சைப் பார்க்கவில்லை, தீப்பெட்டியைப் பார்த்தார். "இது நம்ம லேபிளுதான்" என்றார்.

"ஆறு வாரம் பலகையில் மல்லாந்து படுக்கணும். அதுக்கப்புறம் கால் எவ்வளவு திரும்பி வருதோ அவ்வளவுதான். ஆனால் ஒன்று. இனிமேல் பழையபடி உக்காந்து வேலை பார்த்தால் இந்தக் கால் போய்விடும். மற்றக் காலும் போகலாம்."

பிறகு வீரலட்சுமியைப் பார்த்து, "நீங்க என்ன வேலை செய்யுறீங்க?" என்றார்கள்.

"வீட்ல தீப்பெட்டி ஒட்டுறேன்மா."

"உக்காந்துதானே? நீங்களும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்திரிக்கணும்."

"என்னை எங்கம்மா அரை மணி உக்கார விட்டாக? பத்து நிமிசத்துக்கு ஒருக்க அடுப்பு கூப்பிடும், கெணறு கூப்பிடும், இவுக கூப்பிடுவாக."

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "கூப்பிடட்டும். அதுதான் உங்க முதுகைக் காப்பாத்தி வெச்சிருக்கு."

வீட்டில் கட்டில் என்று ஒன்று கிடையாது. என் கணவரும் கண்ணுச்சாமியும் சேர்ந்து அண்ணாச்சி வீட்டு உள்கதவைக் கழற்றி, நான்கு செங்கல் கொடுத்து அதன்மேல் பாயை விரித்தார்கள். ஆறு வாரம் அவர் அதில் கிடந்தார். ஓட்டுக்கூரையைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. குதிரைவாலிச் சோற்றை உருட்டி வீரலட்சுமி வாயில் கொடுத்தாள். ஆடி போய் ஆவணி வந்தது. ஊரே லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டிகளில் வெடிக்கட்டுகள் ஸ்டேஷனுக்குப் போகும் சத்தம் வளவுக்குள் கேட்கும். என் கணவர் வாரத்தில் மூன்று நாள் போய்ப் பாதத்தில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டு, தெரிகிற இடத்தில் பேனாவால் கோடு போடுவார். கோடு கொஞ்சம் கொஞ்சமாக விரல்பக்கம் நகர்ந்தது. என் கணவரோ அந்த ஆறு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. படத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால், "விடு, ஞானம்" என்று எழுந்து போய்விடுவார். ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும், "சொல்ல வேணாம், கையை வச்சுக் காட்டுங்க" என்று கேட்கிற பழக்கம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

ஆறாவது வாரம் கண்ணுச்சாமி வந்தார். அன்றைக்குக் கேலி இல்லை.

"அண்ணாச்சி, மொதலாளி மதுரையில இருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட வரச் சொல்லியிருக்காரு. நீங்க ஒண்ணாந்தேதி வரலைன்னா அந்தாளு உங்க எடத்துல உக்காந்துருவான்."

"வந்துருவேன்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி படுத்தபடியே.

"வந்து?" என்றாள் வீரலட்சுமி. பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "வந்து உக்காருவீகளா?"

"பெறகு? தொங்குவனா?"

"நில்லுங்க. கல்லத் தூக்கி ஒசரத்துல வச்சுக்கிட்டு நின்னு வரைங்க."

அண்ணாச்சி கதவில் கையை ஊன்றி எழுந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"அச்சாபீஸ்ல நிக்கிறவன் யாரு, உக்காருறவன் யாருன்னு தெரியுமா உனக்கு? எங்கப்பா ஆயுசு பூரா நின்னாரு, விருதுநகர் கிட்டங்கியில, மொளகாப் பொதிய முதுகுல வச்சுக்கிட்டு. நான் உக்காந்தது சும்மா உக்காரல. இப்பப் போயி நின்னா, பாக்கிறவன் என்ன நெனைப்பான்?"

"நிக்கிறவன்னா நாந்தான அண்ணாச்சி?" என்றார் கண்ணுச்சாமி.

"உன்னச் சொல்லலப்பா."

"என்னத்தான் சொல்றீக. சொல்லுங்க, பரவால்ல. ஆனா நிக்கிறதுல ஒரு சொகம் இருக்கு. மொதலாளி வந்தா எந்திரிக்க வேண்டியதில்ல."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வீரலட்சுமி கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்து, காய வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உக்காந்த மாப்பிள்ளைன்னுதான் எங்கப்பா கட்டிக்குடுத்தாரு. சரி. கால் ரெண்டும் போகட்டும். ஆயுசு பூரா உக்காந்தே இருக்கலாம், கௌரவமா. கொண்டாந்து குடுக்கத்தான் நான் இருக்கேன்ல?"

அண்ணாச்சி குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தார். பிறகு, "எம்புட்டு ஒசரம் வேணும்?" என்றார்.

கண்ணுச்சாமி அவரைச் சுவரோடு நிறுத்தினார். முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஒரு சாண் மேலே அடுப்புக்கரியால் கோடு போட்டார். "இதுக்குக் கீழ கல்லு இருந்தா நீங்க குனிவீக. குனிஞ்சா மதினி என்னைய உதைப்பாக" என்றார்.

முதலாளியிடம் வீரலட்சுமியே போய்ச் சொன்னாள். "நின்னு வரைஞ்சா என்ன, தலைகீழா நின்னு வரைஞ்சா என்ன? லேபிளு வந்தாச் சரி" என்றாராம். ஆனால் மதுரைக்காரரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய பாயில், பழைய சாய்வு மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் செங்கல் மேடை கட்டி, மேலே சரிவாகப் பலகை போட்டு, அதில் கல்லைச் சாய்த்து வைத்து அண்ணாச்சி நின்றார். ஒரு காலைச் செங்கல்மேல் வைப்பார், கொஞ்ச நேரம் கழித்து மற்றதை வைப்பார். முதல் நாள், மெஷினில் நின்றவர்கள், "வாங்க அண்ணாச்சி, நம்ம செட்டுல சேந்துட்டீக" என்றார்களாம். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரிகள் உட்கார்ந்திருப்பவரிடம்தான் நேரே போவார்கள். நிற்பவரிடம், "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி பேனாவை வைத்துவிட்டு, போய்க் கொண்டுவந்து கொடுத்தாராம். "நாலு எட்டு நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காகள்ல" என்று வீட்டில் வந்து சொன்னார். சொல்லும்போது முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. பாதம் மட்டும் கடைசிவரை முழுதாக நிமிரவில்லை. தட்டித் தட்டி நடப்பார். உட்காருவதை விட்டேவிட்டார். சாப்பாட்டுத் தட்டை மாடக்குழியில் வைத்து நின்று சாப்பிடுவார். கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகமாட்டார், மொய் எழுதிவிட்டு வந்துவிடுவார். வீட்டில் இருந்தால் ஒன்று நிற்பார், அல்லது படுப்பார்.

அதிலே ஒன்று நடந்தது. நான் அதை உடனே கவனிக்கவில்லை. சாயங்காலங்களில் இருவரும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். கிணற்றுத் திண்டு உட்காருவதற்கு வாகானது. முன்பெல்லாம் என் கணவர் அதில்தான் உட்கார்ந்து பேசுவார். அண்ணாச்சி நிற்க ஆரம்பித்த பிறகு அவரும் உட்காருவதில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு, எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து, மறுபடியும் ஒரு மணி நேரம் அங்கே நிற்பார். "உக்காருங்க தம்பி" என்பார் அண்ணாச்சி. "இருக்கட்டும் அண்ணாச்சி" என்பார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அண்ணாச்சிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அண்ணாச்சியும் கேட்டிருக்கமாட்டார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் என் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்தார். பதினொரு நாள்தான் படுத்திருந்தார். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்து முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். நானும் வீரலட்சுமியும் தலைமாட்டில் இருந்தோம். கீழே பாய்கள் விரித்திருந்தன. ஆண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி அச்சாபீஸிலிருந்து அப்படியே வந்தார். விரலில் மை காயவில்லை. யாரோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். விஷயம் தெரிந்த இன்னொருவர், "அவருக்கு வேணாம்ப்பா, அவரு உக்காரமாட்டாரு" என்றார். அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேரே எங்கள் பக்கம் வந்து, பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலை மடக்கினார். வீரலட்சுமிக்கு உடனே புரிந்துவிட்டது.

"வேணாங்க" என்றாள் மெதுவாக. "எந்திரிக்க முடியாது. நின்னே இருங்க. ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

"சும்மா இரு."

இடது காலைக் கையால் பிடித்து இழுத்து மடித்தார். பாயில் சம்மணம் போட்டு, அந்தக் காலத்தில் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் போலவே, முதுகு வளைந்து, முகம் என் கணவர் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் இருக்கும்படி உட்கார்ந்தார். பாஸ்டர் வர நேரமாயிற்று. ஜெபம், பாட்டு, மறுபடியும் ஜெபம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் நெற்றியில் வேர்வை வடிந்துகொண்டே இருந்தது. வீரலட்சுமி அழுதுகொண்டே தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். அவர் நகரவில்லை. ஒரே ஒரு தரம் என் பக்கம் திரும்பி, "தம்பி எனக்காக ரொம்ப நின்னுட்டாரு டீச்சர்" என்றார்.

உடலைச் சவப்பெட்டியில் வைத்து மூடித் தூக்கும் நேரம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவரால் எழ முடியவில்லை. இரண்டு தரம் கையை ஊன்றிப் பார்த்தார். கண்ணுச்சாமி வந்து பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். பெட்டிக்குப் பின்னால் ஆண்கள் போனார்கள். கூட்டம் முன்னே போய்விட்டது. கடைசியில், நிமிர முடியாமல் பாதி வளைந்தபடி, கண்ணுச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி போய்க்கொண்டிருந்தார்.